டக் ஸ்டாம்ப்: 25 டாலருக்குத் தகுந்த அஞ்சல்தலை

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1934 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவரும் டக் ஸ்டாம்ப், கடிதத்தில் ஒட்டும் தபால்தலை அன்று. 16 வயது நிரம்பிய வாத்து வேட்டைக்காரர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டு. வேட்டையாடாதவர்களும் இதை வாங்கலாம் என்பதும், நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் தேசிய வனவிலங்குப் புகலிடங்களுக்குள் இதைக் காட்டியே செல்லலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நாம் செலுத்தும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட், நீர்ப்பறவைகளுக்கான சதுப்பு நிலங்களை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ செலவாகிறது. கொடுத்த பணம் எங்கே போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் திட்டங்கள் மிகக் குறைவு. கேலிச்சித்திரக்காரர் ஜே. என். டார்லிங் வரைந்த முதல் அஞ்சல்தலையில் இரண்டு மல்லார்டு வாத்துகள் நீரில் இறங்கும் காட்சி இன்றும் கண்ணை நிறுத்துகிறது.

ஆனால் இது நிலத்துக்கான பணம். மீன்வள அறிவியலோ வனவிலங்கியலோ படித்த இளைஞர்கள் பலர் நாடிச் செல்லும் மாநில மீன்வள, வனவிலங்குத் துறைகளுக்கான நிதியில் கணிசமான பகுதி, 1937, 1950 ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியே துப்பாக்கி, தூண்டில் கருவிகள் ஆகியவற்றின் மீதான வரியிலிருந்தும், வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணங்களிலிருந்தும் வருகிறது. ஆகவே அத்துறைகளின் ஆய்வுப் பணிகளுக்கும் துணைநிற்க விரும்புவோர், இதனுடன் மாநில மீன்பிடி உரிமம் ஒன்றையும் வாங்கிக்கொள்வது நல்லது.