கல்லடி மணலா, கிரவுண்டா? பிட்னஸ் டெஸ்ட்டுக்கு எங்க ஓடுறது

பொலிஸ், ஆமி, நேவி எண்டு எதுக்கு அப்ளிகேஷன் போட்டாலும் மட்டக்களப்புல பொடியன்மார் முதல் செய்யிற வேலை விடிய 5 மணிக்கு கல்லடி பீச்சுக்கு ஓடப் போறதுதான். நானும் அப்படித்தான் துடங்கினன், ரெண்டு மாசம் மணல்லயே ஓடிட்டு மறுகாதான் கிரவுண்டுக்கு மாறினன். என்னைக் கேட்டா டெஸ்ட்டுக்கு கிரவுண்ட்தான்.

மணல் கூடாதெண்டு சொல்லல்ல. ஒரே வேகத்தில ஓடினாலும் கட்டித் தரையை விட மணல்ல கிட்டத்தட்ட 1.6 மடங்கு சக்தி போகும், அதால மூச்சு நல்லாப் பிடிக்கும், சப்பாத்தும் தேவையில்ல. ஆனா கரை சரிவு, ஒரு கால் எப்பவும் பள்ளத்தில விழும், பாதித் தூரத்தில கிறுகி வந்தாத்தான் மற்றக் காலுக்கும் சரியா வரும். மாரி துடங்கினா ஓடுறதுக்கு கரையே கிடைக்காது.

எனக்கு பெரிய விஷயம் அதொண்டுமில்ல, வேகக் கணக்குத்தான். டெஸ்ட்ல பார்க்கிறது மணிக்கூட்டை. 1968ல அமெரிக்க விமானப்படை டொக்டர் கென்னத் கூப்பர் 12 நிமிசத்தில எவ்வளவு தூரம் ஓடலாமெண்டு ஒரு டெஸ்ட் கொண்டு வந்தார், சிங்கப்பூர் ஆமிட டெஸ்ட்லயும் புஷ்-அப், சிட்-அப்போட 2.4 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கு. 2.4 எண்டா 400 மீட்டர் சுத்து ஆறு, 12 நிமிசத்துக்குள்ள முடிக்க ஒரு சுத்துக்கு 2 நிமிசம். மணல்ல இந்த 2 நிமிசம் எப்படி இருக்குமெண்டு உடம்புக்குப் பழகவே பழகாது, இண்டைக்கு ஈர மணல் நாளைக்கு புதை மணல், தூரமும் குத்துமதிப்புத்தான்.

ரெண்டு மாசம் மணல்ல ஓடின தெம்போட கூட்டாளிமாரோட கிரவுண்ட்ல டைம் வச்சு ஓடிப் பார்த்தம். தரை கட்டியா இருக்க கால் பறக்குது, முதல் சுத்தே 1 நிமிசம் 30 செக்கன், மறுகா நாலாவது சுத்தில விலாப் பக்கம் பிடிச்சு நடந்து போய் முடிக்கக்க 13 நிமிசம் தாண்டிட்டு. நல்ல மூச்சு இருந்தும் அதை ஆறு சுத்துக்கும் பங்கு போடத் தெரியல்ல, அதுதான் பிழை.

அதுக்குப் பிறகு கிழமைக்கு ரெண்டு நாள் 400 மீட்டர் ஆறு தரம், ஒவ்வொண்டும் 1 நிமிசம் 55க்குள்ள, நடுவில ரெண்டு நிமிசம் நடை, சனிக்கிழமை முழுத் தூரம். உள் கோட்டிலயே ஓடுங்க, ஒரு லேன் வெளியால போனா சுத்துக்கு ஏழு மீட்டர் மாதிரி கூடும், ஆறு சுத்துக்கு அது 40 மீட்டருக்கு மேல. ஆறு கிழமையில 11 நிமிசம் 40 செக்கனுக்கு வந்திட்டன்.

புஷ்-அப் மாதிரிக்கெல்லாம் எங்க செஞ்சாலும் ஒண்டுதான். தார் ரோட்ல நான் ஒரு கிழமைதான் ஓடினன், முன்னங்கால் எலும்பு நொந்து விட்டிட்டன், அதை வச்சு ரோட்டைக் குறை சொல்ல ஏலாது. இதெல்லாம் 22 வயசுப் பொடியன்ட அனுபவம், பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் வயசு கூடின ஆக்களுக்கும் இதே கணக்கு சரிவருமெண்டு நான் அடிச்சுச் சொல்ல மாட்டன். தூரமும் நேரமும் படைக்குப் படை மாறும், நீங்க போடுற விளம்பரத்தில உள்ளதைப் பார்த்து சுத்துக் கணக்கைப் பிரிங்க.

கல்லடியை முழுசா விடயில்ல. ஞாயிறு விடிய நாவலடிப் பக்கமா ஈர மணல்ல மெல்ல ஓடுறன், அண்டைக்கு மட்டும் மணிக்கூட்டை வீட்ட வச்சிட்டுத்தான் போறது.