ராக்கர் ஷவல் லோடர்: கவிழாமல் ஓட்டப் பாதையும் பழக்கமும் எப்படி இருக்க வேண்டும் – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வெடித்த கல்லை முன்னால் அள்ளி, பக்கெட்டைத் தலைக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் நிற்கும் டப்பில் (கல் ஏற்றிச்செல்லும் தண்டவாளத் தொட்டிவண்டி) கொட்டும் சிறிய தண்டவாள இயந்திரம்தான் ராக்கர் ஷவல். 1930-களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நார்த் லில்லி என்ற சுரங்கத்தில் இதன் முதல் வடிவம் உருவானது. சால்ட் லேக் சிட்டியின் எய்ம்கோ நிறுவனம் அதை 1938-ல் 12பி என்ற மாடலாகக் கொண்டுவந்தது. இரண்டு காற்று மோட்டார்கள், இரண்டு லீவர்கள், 0.14 கன மீட்டர் பக்கெட், ஏறத்தாழ 2 டன் எடை. இன்றும் டயர் லோடர் நுழைய முடியாத குறுகிய டிரைவ்களில் (சுரங்கத்தின் கிடைமட்ட வழிகள்) இந்த வகைக்கு ஈடு இல்லை. டீசல் புகை கிடையாது, தண்ணீரில் நனைந்தாலும் ஓடும், பழுதைச் சுரங்கத்துக்குள்ளேயே ஸ்பேனரும் கடப்பாரையும் வைத்துச் சரிசெய்யலாம். இந்த நல்ல குணங்களை எல்லோரும் எழுதிவிட்டார்கள். பக்கவாட்டில் சாய்வதுதான் இதன் பெரிய குறை. அதைப் பற்றி விவரமாக எழுதியவர்கள் குறைவு என்பதால் இந்தப் பகிர்வு முழுவதும் அதற்கே.

கவிழ்வது என்றால் வண்டி சேதமாவது மட்டும் இல்லை. ஓட்டுபவர் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் மிதிபலகையில் நின்றுகொண்டுதான் வேலை செய்கிறார். அவருக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே இருப்பது ஓர் ஆள் நிற்கும் இடம். 2 டன் இரும்பு அந்தப் பக்கம் சாய்ந்தால் அவர் தப்ப வழியில்லை.

ஏன் ஜாக்கி போட முடியாது

தண்டவாளத்தில் நிற்கும் பெரிய அகழ்வு இயந்திரங்களுக்கு இந்தச் சிக்கலை அந்தக் காலத்திலேயே தீர்த்துவிட்டார்கள். பனாமா கால்வாய் வெட்டிய 95 டன் பூசைரஸ் நீராவி ஷவல்களின் முன்பகுதியில், இரண்டு பக்கமும் கை நீட்டிய திருகு ஜாக்கிகள் இருக்கும். அவற்றின் அடியில் கட்டைகளை அடுக்கி இறுக்கியபிறகுதான் பூம் பக்கம் திரும்பும். தாங்கும் அகலம் தண்டவாளத்தைத் தாண்டி வெளியே போய்விடுவதால் வண்டி சாயாது.

அந்த ஷவல் ஓரிடத்தில் நின்றபடி தோண்டும். ராக்கர் ஷவலோ ஒவ்வொரு பக்கெட்டுக்கும் முன்னால் பாய்ந்து குவியலில் முட்டி, நிரப்பிக்கொண்டு பின்வாங்கிக் கொட்டும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை ஓடும் வண்டிக்கு ஜாக்கியும் கட்ட முடியாது, தண்டவாளக் கவ்வியும் போட முடியாது. ஆகவே இதன் நிலைப்பு மூன்றே விஷயங்களில் அடங்கியிருக்கிறது: பாதை, பக்கெட் எந்தக் கோணத்தில் கல்லைத் தொடுகிறது, மேல்தட்டின் (பக்கெட்டைத் தாங்கி இடமும் வலமும் திரும்பும் மேற்பகுதி) தேய்மானம். எங்கள் அனுபவத்தில் முதல் இடம் பாதைக்குத்தான்.

கணக்கு

610 மில்லிமீட்டர் கேஜ் (தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையிலான அகலம்) பாதையை எடுத்துக்கொள்வோம். இரு தண்டவாளத் தலைகளின் மையத்துக்கு மையம் சுமார் 660 மில்லிமீட்டர் வரும். வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஒரு தண்டவாளம் 330 மில்லிமீட்டர். 2 டன் எடை அந்த 0.33 மீட்டர் நெம்புகோலில் சாய்வை எதிர்க்கிறது; அதாவது 660 கிலோ-மீட்டர் (தூரம் அல்ல; எடையை நெம்புகோல் நீளத்தால் பெருக்கிய அளவு). இந்த எண்தான் வண்டியின் மொத்தக் கையிருப்பு.

மேல்தட்டை ஒரு பக்கம் 30 பாகை திருப்பினால், சுழல்மையத்திலிருந்து 1.2 மீட்டர் தள்ளியிருக்கும் பக்கெட் விளிம்பின் நடுப்பகுதி நடுக்கோட்டிலிருந்து 0.6 மீட்டர் விலகும். தண்டவாளத்துக்கு வெளியே 0.27 மீட்டர். பக்கெட் நிறைய இருக்கும் கல் சுமார் 250 கிலோ. அது தரும் சாய்வு 68 கிலோ-மீட்டர்கூட வராது. வெறும் பாரத்தால் வண்டி கவிழாது என்பது இதில் தெரிகிறது.

ஆபத்து பக்கெட்டின் உதடு (முன்விளிம்பு) ஒரு பெரிய கல்லின் அடியில் மாட்டிக்கொள்ளும்போது வருகிறது. கல் எழும்பாது, பக்கெட்டைத் தூக்கும் சங்கிலி இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த இழுப்பு முழுவதும் வண்டியின் மூக்கைக் கீழே அழுத்தும். மாட்டியது உதட்டின் நடுப்பகுதி என்றால் சாய்க்க 2.4 டன் இழுப்பு தேவை. பக்கெட்டின் வெளி மூலை மாட்டினால் நெம்புகோல் 0.48 மீட்டர் ஆகிவிடும், அப்போது 1.4 டன்னே போதும். தளர்ந்திருந்த சங்கிலி ஒரே உதறலில் இறுகும்போது அந்த அளவை எட்டுவது கடினமே இல்லை. போதாததற்கு, இந்த அழுத்தம் முன்சக்கரத்துக்கு வெளியே மட்டும் இல்லாமல் அதற்கு முன்னாலும் விழுகிறது. அதனால் வண்டி ஒரு முன்சக்கரத்தை ஊன்றிக்கொண்டு மூலைவாட்டில் தூக்கும். முதலில் எழுவது எதிர்ப்பக்கப் பின்சக்கரம். இடப்பக்கம் திரும்பி அள்ளும்போது வலப்பக்கப் பின்சக்கரம் எழுந்து விழும் 'டக்' என்ற ஓசை கேட்டால் அடுத்த நொடியே லீவரை விட வேண்டும். அதைக் கேட்கப் பழகாதவரைத் தனியாக ஓட்ட விடக் கூடாது.

இப்போது திருப்பத்தை 15 பாகையாகக் குறைத்துப் பாருங்கள். உதட்டின் நடு 0.31 மீட்டரில், தண்டவாளக் கோட்டுக்கு உள்ளேயே நிற்கிறது. நடு மாட்டினால் பக்கவாட்டில் கவிழவே கவிழாது. மூலை மாட்டினால்கூட 3 டன்னுக்கு மேல் வேண்டும். அடிச்சட்டத்தில் 100 கிலோ தண்டவாளத் துண்டுகளைக் கட்டினால் கையிருப்பு 33 கிலோ-மீட்டர்தான் கூடும், வெறும் 5 சதவீதம். அச்சுத் தாங்கிகள் அதற்குள் தேய்ந்துவிடும். எடை கட்டுவதைவிடக் கோணத்தைக் குறைப்பதே பலன் தரும். பெரிய கல் தெரிகிறது என்றால் மேல்தட்டை நேராக வைத்து மட்டும் அதைத் தொட வேண்டும். 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லைக் கடப்பாரையால் பாதை நடுவுக்குப் புரட்டிவிட்டு அள்ளலாம், அல்லது உடைத்துவிட்டு அள்ளலாம். ஓரங்களை அள்ளும் 30 பாகை வீச்சு உதிரியான சிறு கல்லுக்கு மட்டும்.

பாதை: கடைசி ஐந்து மீட்டர்

டிரைவ் முழுக்கப் பாதை நன்றாக இருக்கும். வண்டி வேலை செய்யும் முகப்புக்கு (வெடித்து முன்னேறும் பாறைமுகம்) அருகே உள்ள கடைசி ஐந்து மீட்டர்தான் அவசரத்தில் போட்டதாக இருக்கும். கவிழ்வதும் அங்கேதான்.

பக்கமட்டத்தில் 25 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது இரண்டேகால் பாகைக்குள் அடங்கும் சாய்வு. இது தனியாகப் பெரிய தீங்கு செய்யாது. முறுக்கம்தான் கெடுக்கும். ஒரு மீட்டர் தூரத்துக்குள் இடது தண்டவாளம் தாழ்ந்து, பிறகு வலது தாழ்ந்தால், சக்கரஇடை குறைந்த இந்த வண்டி ஒரு கால் குட்டையான நாற்காலியைப் போல மூன்று சக்கரத்தில் நிற்கும். நான்காவது சக்கரம் காற்றில் இருக்கும்போது மேலே போட்ட 660 கணக்குக்கே பொருள் இல்லை. அதனால் ரசமட்டத்தை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நகரக் கூடாது. மீட்டருக்கு ஒரு முறை வைத்து, அடுத்தடுத்த இரண்டு அளவுகளைக் கழித்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அள்ளத் தொடங்குவதற்கு முன் பாதையைத் தூக்கி ஜல்லி கெட்டிக்க வேண்டும்.

கெட்டிக்க 20 முதல் 40 மில்லிமீட்டர் ஜல்லி. குவியலிலிருந்து கைக்கு வந்த மண்ணையும் தூளையும் தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் தள்ளுவது பரவலாக நடக்கிறது. துளையிடும் தண்ணீர் ஓடும் முதல் ஷிப்டிலேயே அது கரைந்துபோகும். வடிகால் ஓட்டுபவர் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பது நல்லது என்று சிலர் சொல்வதை நாங்கள் ஏற்கிறோம். ஆனால் தண்ணீர் ஸ்லீப்பர் முனையைத் தொடாமல் ஓடுவதுதான் அதைவிட முக்கியம்.

ஸ்லீப்பர் இடைவெளி 600 மில்லிமீட்டர், ஃபிஷ்பிளேட் (இரு தண்டவாளங்களை இணைக்கும் தகடு) இணைப்புக்கு இருபுறமும் 450. மீட்டருக்கு 15 கிலோ தண்டவாளம் தாங்கும். அதற்குக் கீழே போனால் இணைப்புகள் வளைந்து நிற்கும். நான்கு ஓட்டைகளில் இரண்டு போல்ட் மட்டும் போட்ட ஃபிஷ்பிளேட்டை முகப்புக்கு அருகே அனுமதிக்கவே கூடாது.

இதற்கெல்லாம் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது, துளையிடுவதில். தரையோரத் துளைகளைப் பாதை மட்டத்துக்குக் கீழே 100 முதல் 150 மில்லிமீட்டர் இறக்கிப் போடாவிட்டால் வெடித்தபிறகு தரையின் நடுவில் பாறைமேடு நிற்கும். ஸ்லீப்பர் அந்த மேட்டின் மேல் நடுவயிற்றில் உட்கார்ந்து இருபுறமும் ஆடும். எவ்வளவு ஜல்லி போட்டாலும் ஆட்டம் நிற்காது. மேட்டை உடைத்தே ஆக வேண்டும். துளையிடும் குழுவும் கல் அள்ளும் குழுவும் வேறு வேறு ஷிப்டில் இருந்தால் இந்தக் குறையைச் சொல்லவும் ஆள் இருக்காது. மேட்டைக் கண்டவர் ஷிப்ட் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும்.

அடுத்தது நகரும் தண்டவாளம். முழுநீளத் தண்டவாளம் போட இடம் வரும்வரை, நிரந்தரத் தண்டவாளத்தின் உட்பக்கம் இன்னொன்றைப் படுக்கவைத்து, அதன் தலை நின்றிருக்கும் தண்டவாளத்தின் இடுப்புக்குள் (தலைக்கும் அடிக்கும் நடுவிலுள்ள மெலிந்த பகுதி) அடங்குமாறு செருகி, குவியல் குறையக் குறைய முன்னால் தட்டி நகர்த்துவார்கள். சக்கரத்தின் விளிம்பு படுத்த தண்டவாளத்தின் இடுப்பின் மேல் ஓடும். வேகமான முறை, நாங்களும் இதையே பரிந்துரைக்கிறோம். ஆனால் அதன் முனைக்கு ஃபிஷ்பிளேட்டும் கிடையாது, ஆணியும் கிடையாது. முனைகளுக்கு அடியில் ஒரு குறுக்குக்கட்டை, இரண்டும் விலகாமல் ஒரு குறுக்குக்கம்பி, இவை இல்லாமல் வண்டியை ஏற்றக் கூடாது. முன்சக்கரம் நகரும் தண்டவாளத்தில் இருக்கும் நேரம் முழுவதும் வீச்சு 15 பாகைக்குள். 3 மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டாம்; 1.5 மற்றும் 3 மீட்டர் குட்டைத் தண்டவாளங்கள் இரண்டு ஜோடி கைவசம் இருந்தால் அந்த ஆசையே வராது.

வளைவில் நின்று அள்ளுவது பற்றி ஒரே வரி: தவிர்க்கவும்.

மேல்தட்டில் என்ன தேயும்

பக்கெட் மேலே போகும்போது மேல்தட்டு தானாக நடுவுக்கு வந்துவிட வேண்டும். இந்த நடுவாக்கும் அமைப்பு தேய்ந்தால், பக்கெட் கோணலாகவே தலைக்கு மேல் போய்ப் பின்னால் விழும். கல் டப்பின் ஓரத்தில் கொட்டுகிறது என்பதைச் சிந்தல் தொல்லையாகத்தான் பலர் பார்க்கிறார்கள். எடையெல்லாம் மிக உயரத்தில் இருக்கும் அந்த நொடியில் பக்கவாட்டு உதை கிடைக்கிறது என்பதே அதன் உண்மையான பொருள். டப்பின் ஒரே பக்கம் தொடர்ந்து சிந்தினால் அன்றைக்கே திறந்து பாருங்கள்.

பக்கெட்டைத் தாங்கும் வளைந்த ராக்கர் கைகள் வழுக்காமல் உருள்வதற்குப் பிடித்துவைப்பவை இரும்புக் கயிறுகள். ஒரு பக்கக் கயிறு நீண்டுவிட்டால் அந்தப் பக்கக் கை பின்தங்கி, பக்கெட் திருகிக்கொண்டு எழும். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றுவது கெட்ட பழக்கம். புதியதும் பழையதும் ஒரே நீளத்தில் நிற்காது. ஜோடியாக மாற்ற வேண்டும்.

பின்னால் பக்கெட் மோதி நிற்கும் ஸ்பிரிங்குகள் உடைந்திருந்தால் ஒவ்வொரு கொட்டலிலும் முன்சக்கரங்கள் துள்ளும். பக்கெட் செங்குத்தைத் தாண்டியதும் லீவரைத் தளர்த்தி, மிச்சத் தூரத்தை அதன் சொந்த வேகத்தில் விழ விடுவதே நல்ல கை.

லீவரை விட்டதும் அது நடுநிலைக்குத் திரும்ப வேண்டும். கல்தூள் அடைத்து ஒட்டிக்கொண்டால், ஆபத்தை உணர்ந்து கையை எடுத்தபிறகும் வண்டி இழுத்துக்கொண்டே இருக்கும். ஷிப்ட் தொடக்கத்தில் முதல் சோதனை இதுதான்.

காற்றழுத்தம் 5.5 முதல் 7 பார் வேண்டும். குறைந்தால் வண்டி பலவீனமாகும், அதனால் ஆபத்து குறையும் என்று தோன்றும். நடப்பது வேறு. பக்கெட் நிரம்பாததால் ஓட்டுபவர் தூரத்திலிருந்து வேகமாக ஓடிவந்து குவியலில் முட்டுவார். பக்கெட் பாதியில் நின்று பின்வாங்கி விழும். இரண்டுமே சக்கரத்தைத் தூக்கும். அழுத்தம் 5-க்குக் கீழே போனால் குழாய் இணைப்புகளின் கசிவைப் பார்க்கும்வரை அள்ளுவதை நிறுத்திவைக்கலாம்.

தடம் இறங்கினால்

மிதிபலகைப் பக்கம் வண்டி சாயத் தொடங்கினால் லீவரை விட்டுப் பின்னோக்கி இறங்க வேண்டும். சுவர்ப் பக்கம் ஒதுங்குவதும், காலை ஊன்றித் தாங்கப் பார்ப்பதும் உயிரை எடுக்கும். மிதிபலகைக்குப் பின்னால் டப் வரைக்கும் சிந்திய கல் இல்லாமல் வழி இருந்தால்தான் பின்னோக்கி இறங்க முடியும். ஐந்தாறு டப்புக்கு ஒருமுறை அந்த இடத்தை வாரிவிடுங்கள்.

தடம் இறங்கிய வண்டியை அதன் பக்கெட்டையே தரையில் அழுத்தி மூக்கைத் தூக்கி ஏற்றுவது எல்லாச் சுரங்கத்திலும் நடக்கிறது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பக்கெட் வழுக்கினால் பக்கத்தில் கட்டை வைப்பவரின் கை போய்விடும். பிரதான வால்வை மூடி, குழாயில் மிஞ்சிய காற்றை வெளியேற்றி, டப்பைக் கழற்றித் தள்ளி, இறங்காத சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, 10 டன் ஜாக்கியைக் கடின மரக்கட்டையின் மேல் வைத்துத் தூக்குங்கள். 50 மில்லிமீட்டர் தூக்கியதும் அடியில் கட்டை, மறுபடி 50, மறுபடி கட்டை. ஏற்றியபிறகு அதே இடத்தில் முறுக்கத்தை அளந்துவிட்டுத்தான் காற்றைத் திறக்க வேண்டும்; அளக்காமல் ஓட்டினால் சில டப்புகளுக்குள் அதே இடத்தில் மறுபடியும் இறங்கும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் மோட்டார் சத்தத்தைக் கேட்டு விலை பேசுகிறார்கள். அதற்கு முன் பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே தூக்கி அடியில் கட்டை கொடுத்து, காற்றை மூடி, உதட்டைக் கடப்பாரையால் இடதும் வலதுமாக நெம்பிப் பாருங்கள். ஆட்டம் 40 மில்லிமீட்டரைத் தாண்டினால் சுழல்தட்டின் உருளைகளும் தடமும் முடிந்துவிட்டன. நான்கு சக்கரங்களின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள்: ஒன்று மட்டும் 5 மில்லிமீட்டர் குறைந்திருந்தாலே, எவ்வளவு நல்ல பாதையிலும் அந்த வண்டி மூன்று சக்கரத்தில்தான் நிற்கும்.