ஏடபிள்யூஎஸ் எஸ்டிகேவுக்குள் ஓகேஹெச்டிடிபி: இரண்டு வருட அனுபவம்

ஏடபிள்யூஎஸ் ஜாவா எஸ்டிகே 2-இல் (அமேசான் கிளவுட் சேவைகளை ஜாவாவிலிருந்து அழைக்கும் லைப்ரரி) இயல்பாக வரும் அப்பாச்சி கிளையன்டை, அதாவது நெட்வொர்க்கில் ரிக்வெஸ்ட் அனுப்பும் பகுதியை, எடுத்துவிட்டு அதே வேலை செய்யும் ஓகேஹெச்டிடிபி லைப்ரரியைப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் அப்ளிகேஷனில் மற்ற நெட்வொர்க் வேலை முழுக்க ஏற்கெனவே அதில்தான் ஓடுகிறது, ப்ராக்ஸி, சான்றிதழ், லாக் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்றுதான் இறங்கினோம். அப்படி ஒரு தேவை இல்லாதவர்கள் அப்பாச்சியையே வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல கிளையன்ட்.

எழுத வேண்டிய கோட் கொஞ்சம்தான். எஸ்டிகே தரும் ரிக்வெஸ்டை வாங்கி அனுப்பி, பதிலைத் திருப்பித் தரும் ஒரு கிளாஸ், அவ்வளவுதான். ஆனால் அந்த ரிக்வெஸ்ட் ஏற்கெனவே சிக்னேச்சர் (அனுப்பியது நாம்தான், இடையில் மாறவில்லை என்று காட்டும் குறி) போட்டு வருகிறது, அதை யாரும் தொடக்கூடாது. நான் பாடியை, அதாவது ரிக்வெஸ்டின் உள்ளடக்கத்தை, ஸ்ட்ரிங்காகக் கொடுத்தேன். ஓகேஹெச்டிடிபி கன்டென்ட்-டைப் ஹெடரின் வாலில் யுடிஎஃப்-8 என்று தானாகச் சேர்த்துவிட்டது, சிக்னேச்சர் பொருந்தாததால் எஸ்3 (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் சேமிப்பு சேவை) உடனே 403, அதாவது அனுமதி மறுப்பு, திருப்பியது. பைட்டாகக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அதைவிட அலைக்கழித்தது ஜிஜிப் என்ற தரவுச் சுருக்க முறை. பல மாதம் கழித்து, சில ஃபைல்களுக்கு மட்டும் பதிலின் நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் மதிப்பே இல்லாமல் (null) வந்து எங்கள் கோட் விழுந்தது. பதில் ஹெடர்களை வரிவரியாக அச்சிட்டுப் பார்த்தால் அந்த வரியே காணோம்! எஸ்3-இல் ஜிஜிப் என்று குறித்து வைத்த ஃபைல்கள் அவை. அக்செப்ட்-என்கோடிங் ஹெடரை நாம் கொடுக்காவிட்டால் ஓகேஹெச்டிடிபி தானே ஜிஜிப் கேட்டு, வந்ததை விரித்து, கன்டென்ட்-லெங்த் ஹெடரையும் எடுத்துவிடும். அந்த ஹெடரில் நாமே ஐடென்டிட்டி (சுருக்க வேண்டாம்) என்று போட்டுவிட்டால் அப்படியே தரும். இரண்டு நாள் தேடியதற்கு ஒரு வரியில் தீர்வு.

மறுமுயற்சியை எஸ்டிகே பார்த்துக்கொள்கிறது, அதனால் ஓகேஹெச்டிடிபியின் மறுமுயற்சியை அணைத்துவிட்டோம். இரண்டும் சேர்ந்தால் ஒரு தோல்விக்கு எத்தனை முறை போகிறது என்றே கணக்குத் தெரியாது. அப்புறம் கனெக்‌ஷன் பூல், அதாவது மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் கனெக்‌ஷன்கள்: இயல்பில் சும்மா இருக்கும் 5 கனெக்‌ஷன்களைத்தான் 5 நிமிடம் வைத்திருக்கும், கூட்டம் வந்தால் திரும்பத் திரும்ப டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (பாதுகாப்பான புது கனெக்‌ஷனுக்கான தொடக்கப் பரிமாற்றம்). 50 ஆக்கியதும் அது அடங்கியது.

கிளையன்டை நாமே உருவாக்கிக் கொடுத்தால் எஸ்டிகே அதை மூடாது, நாம்தான் மூட வேண்டும். பில்டராக (கிளையன்டை உருவாக்கும் அமைப்பாக) மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு சர்வீஸ் கிளையன்டுக்கும் தனித்தனியாக ஒன்று உருவாகி, அதோடு சேர்ந்தே மூடிக்கொள்ளும். எஸ்3, டைனமோடிபி (ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ்) இரண்டும் ஒரே பூலைப் பகிர வேண்டும் என்பதால் நாங்கள் முதல் வழியில்தான் இருக்கிறோம்.