பாண்டியர் சதுரக் காசும் இணைய ஏலமும்

தெரிந்த வியாபாரியிடம் போய், அவர் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுகிற காசுகளில் பொறுக்கி, சொன்ன விலையைப் பாதியாகப் பேசி வாங்கிப் பழகியவன் நான். இந்த முறை சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசு ஒன்றை இணைய ஏலத்தில் எடுத்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

கேட்லாக்கைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஏலத்துக்கு வரும் உருப்படிக்கும், இரு பக்கப் படம், எடை, உலோகம், நிலை எல்லாம் இருந்தன. என் காசில் ஒரு பக்கம் யானை, அதன் மேல் சின்னங்கள். மறுபக்கம் கோடுகளால் ஆன மீன். போட்டிருந்த எடையும் என் தராசு காட்டிய எடையும் ஒத்துப்போயின. ஆனால் விளிம்புக்குப் படம் கிடையாது. வார்த்தெடுத்த போலியா என்று பார்க்க நாங்கள் முதலில் திருப்புவதே விளிம்பைத்தான். கேட்டவுடன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், அதற்கு ஒரு சபாஷ்.

குறை காசு கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு மூலையில் வெளிர் பச்சையாக மாவு போல ஏதோ. பல்குச்சியால் தொட்டதும் உதிர்ந்தது. நல்ல பாசி, அதாவது காலப்போக்கில் செம்பின் மேல் படியும் படலம், கெட்டியாக, கருத்தோ கரும்பச்சையாகவோ காசோடு ஒட்டிக் கிடக்கும்; இப்படி உதிராது. இது செம்பைத் தின்னும் நோய். மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் உள்ளே அரித்துக்கொண்டே போகும், பக்கத்தில் வைத்த காசையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதுதான். கேட்லாக்கிலோ நிலை என்ற இடத்தில் 'வெரி ஃபைன்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். போன் செய்தால், "படத்தில் தெரியுதே சார்" என்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு வெளுத்த புள்ளி தெரியத்தான் செய்கிறது! போலி என்று நிரூபித்தால்தான் திரும்ப எடுப்பார்களாம். காசு இப்போது காய்ச்சி வடித்த நீரில் ஊறுகிறது. அப்புறம் நன்றாக உலர்த்தி சிலிகா ஜெல்லோடு தனி டப்பாவில் போட வேண்டும்.

விலை விஷயம் சுருக்கமாக: சுத்தியல் 6,000 ரூபாயில் விழுந்தது, அதாவது ஏலம் அந்த விலையில் முடிந்தது. 15 சதவீதக் கமிஷன், ஜிஎஸ்டி, இன்சூரன்ஸோடு கூரியர் எல்லாம் சேர்ந்து எட்டாயிரத்தை நெருங்கிவிட்டது. மனதில் ஒரு தொகை வைத்திருப்பவர்கள் அதில் முக்கால் பங்கிலேயே பிட்டை, அதாவது ஏலத்தில் கேட்கும் விலையை, நிறுத்திக்கொள்வது நல்லது.

எனக்குப் பெரிய மனக்குறை வேறு. இந்தக் காசு எங்கே கிடைத்தது, யார் கையில் இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ரோமானியப் பொற்காசுப் புதையலை இன்றும் ஆய்வாளர்கள் பேசுகிறார்கள் என்றால், அவை ஒரே இடத்தில் மொத்தமாகக் கிடைத்தது தெரியும் என்பதால்தான். பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையில் உளி வெட்டு இருந்ததும் அதனால்தான் ஒரு செய்தியானது. தனிக் காசாக வந்திருந்தால் 'சேதமடைந்தது' என்று எழுதி விலையைக் குறைத்திருப்பார்கள். 1878 புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்ததை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இரண்டாவதை மட்டும் கேட்லாக் பெரிய எழுத்தில் போடுகிறது. 'பழைய சேகரிப்பிலிருந்து' என்றாவது எழுதுங்கள் என்று மெயில் போட்டேன், பதில் இல்லை. என் ரசீதையும் கேட்லாக் பக்கத்தையும் காசோடு சேர்த்து வைத்திருக்கிறேன், எனக்குப் பின் வாங்குகிறவருக்காவது உதவும்.

சோழர் செப்புக் காசு மாதிரி தாராளமாகக் கிடைக்கிறவற்றுக்கு இவர்களிடம் போகத் தேவையில்லை, வியாபாரியே போதும். குதிரையும் 'பெருவழுதி' என்ற பாண்டிய மன்னன் பெயரும் உள்ள காசு, சேர மன்னன் மாக்கோதையின் முகம் பொறித்த வெள்ளிக் காசு போன்றவை ஏலத்துக்கு வந்தால் பார்க்கலாம். அதற்கும் படத்தை நம்பி பிட் போடப் போவதில்லை. ஏலத்துக்கு முன் லாட்டுகளைப் பார்வைக்கு வைக்கிறார்கள். லென்ஸை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விடுவதாக இருக்கிறேன்.