அரிசி மாவா, குரக்கனா, கஜுவா? சீலியாக் உள்ள வீட்டில் குக்கீஸ்

மகளுக்கு சீலியாக் நோய் என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் முதலில் காலியானது பிஸ்கட் டின். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால் அவளுடைய உடலே தன் சிறுகுடலைத் தாக்கத் தொடங்கிவிடும். வாழ்நாள் முழுக்க அதைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். எங்கள் ஊர் திருகோணமலை, சீனக்குடாவில் அவ்வளவு பெரிய கோதுமை மா ஆலை நிற்கிற ஊர் இது. பாணும் கோதுமை மாப் புட்டும் இல்லாத வீடு இங்கே எங்கே? "அவிச்ச மா எண்டால் பரவாயில்லைத்தானே" என்று கேட்ட சொந்தக்காரரும் உண்டு. அவித்தாலும் வறுத்தாலும் குளூட்டன் போகாது.

அதனால் நாங்களே சுட்டுப் பார்த்தோம். மா 200 கிராம், பட்டர் 100, சீனி 80, ஒரு முட்டை, ஓவன் சூடு 170 பாகை. மாவை மட்டும் மாற்றிக்கொண்டே போனோம்.

அரிசி மாவில் சுட்ட முதல் தட்டைக் கடித்தபோது உப்புவெளிக் கடற்கரை வாய்க்குள் வந்தது போல இருந்தது, அவ்வளவு நறநறப்பு. அரிசி மா ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். பிசைந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்துச் சுட்டதும் பாதிக் குறை தீர்ந்தது. கால் பங்குக்கு மரவள்ளி மா சேர்த்ததில் உதிர்வதும் குறைந்தது. இடியப்பத்துக்கு வறுத்து வைத்த மாவைப் போடாதீர்கள், காய்ந்து பொடியாகிவிடும்.

குரக்கன் வேறு ரகம். சீனிக்குப் பதில் பனங்கட்டியைச் சீவிப் போட்டால் அதன் மண்வாசனை குறையாக இராமல் ருசியாகிவிடும். ஆனால் பச்சையாக இருக்கும்போதே பழுப்பு நிறம் என்பதால், வெந்ததா கருகியதா என்று கண் சொல்லாது. நான் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் இறக்குகிறேன். தானியத்தைக் கழுவிக் காயவைக்காமல் அரைத்தால் பல்லில் மணல் கடிபடும். கடையில் பொதியாக வாங்குபவர்கள் பின்பக்கத்தை வாசியுங்கள், கோதுமை மா கலந்ததும் விற்கிறார்கள்.

கஜு ருசியில் இரண்டையும் தோற்கடிக்கும், விலையிலும்தான். விட்டு விட்டு அரைக்க வேண்டும், தொடர்ந்து ஓடவிட்டால் மாவுக்குப் பதில் களிதான் கிடைக்கும். எண்ணெய்ப்பிடிப்பு அதிகம், பட்டரைப் பாதியாக்காவிட்டால் தட்டு முழுக்கப் பரவி ஒரே தோசையாகிவிடும். எங்கள் வீட்டில் அது பிறந்தநாளுக்கு மட்டும்.

கொழும்பிலிருந்து யாராவது கொண்டுவரும் வெளிநாட்டுக் கலவைப் பொதிகளும் உண்டு. ஒட்டுவதற்குச் சாந்தன் பசை சேர்ந்திருப்பதால் கடிப்பதற்குக் கோதுமை பிஸ்கட் போலவே இருக்கும். வாசனை ஒன்றும் கிடையாது.

ஆனாலும் அந்தப் பொதியில் ஒரு நிம்மதி இருக்கிறது. 'குளூட்டன் இல்லை' என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். மாவைவிட அது அரைபட்ட இடம் முக்கியம் என்பது எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. ஆரம்பத்தில் அரிசியைப் பக்கத்து மில்லில் கொடுத்து அரைத்தோம். அதில் சுட்டதைச் சாப்பிட்ட பிள்ளை இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். போய்க் கேட்டேன். "அண்ணன், உங்கட அரிசியத்தான் போட்டது" என்றார் மில்காரர். பொய்யில்லை. எங்களுக்கு முன் அதே கல்லில் அரைபட்டது கோதுமை கலந்த சத்துமா, அவ்வளவுதான். ஒரு தேக்கரண்டி கோதுமை மாவிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும். ஒரு கிலோ அரிசி மாவில் அது கலந்தால் அந்த எல்லையைப் பத்து மடங்கு தாண்டிவிடும்.

இப்போது பச்சையரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, துணியில் பரப்பி, வீட்டு கிரைண்டரிலேயே அரைத்து, சட்டியில் லேசாகச் சூடுகாட்டி ஈரத்தை மட்டும் போக்குகிறோம். அரிதட்டும் புதிது. பழையதைக் கொடுத்துவிடச் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம்: "கழுவினாப் போகாதோ?" வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். வலையின் கண்களில் வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது பல வருசத்துக் கோதுமை மா. மரப்பலகை, உருட்டுக்கட்டை, பட்டர் டப்பா எல்லாம் மகளுக்கென்று தனி. பேக்கிங் பவுடரிலும் கோதுமை மாச்சத்து இருக்கலாம், லேபலைப் பார்த்து வாங்குங்கள்.

எனவே என் வாக்கு, வீட்டில் அரைத்த அரிசி மாவும் குரக்கனும் பாதிக்குப் பாதி, பனங்கட்டியோடு. நறநறப்பும் இல்லை, கசப்பும் இல்லை, பையும் காலியாகாது. மில்லில் அரைத்ததுதான் கிடைக்கும் என்றால், விலையைப் பாராமல் 'குளூட்டன் இல்லை' என்று அச்சிட்ட பொதியையே வாங்குங்கள்.

இறக்கியதும் எடுக்க அவசரப்பட வேண்டாம். சூட்டில் தொட்டால் நொறுங்கும், பத்து நிமிடம் தட்டிலேயே கிடக்கட்டும். நொறுங்கியதெல்லாம் அம்மாவின் தேத்தண்ணிக்குப் போய்விடுகிறது, அரிதட்டுக் கோபம் அப்படித்தான் ஆறியது.