அறிவிப்பு முறையும் பட்டியல் முறையும்: எல்லை கடக்கும் உணவுக்கான இரு வகை விதிகள்

வெளிநாட்டுப் பயணத்தில் உணவு எடுத்துச் செல்பவர் இரண்டு சோதனைகளைக் கடக்கிறார். பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள். புறப்படும் இடத்தில் நடப்பது விமானப் பாதுகாப்புச் சோதனை. தேன், ஜாம், தயிர் ஆகியவற்றை அது திரவமாகக் கணக்கிட்டு, பெரும்பாலான விமான நிலையங்களில் 2006 முதல் கைப்பையில் உள்ள ஒவ்வொரு கலனுக்கும் 100 மில்லிலிட்டர் வரம்பு விதித்து வருகிறது. விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெரிய பெட்டியில் பொருளை வைத்துவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். இறங்கும் நாட்டின் சோதனையோ வேறு வகை. அங்கே பொருள் எந்தப் பையில் இருக்கிறது என்பது பொருட்டே அல்ல.

அந்த இரண்டாவது சோதனை பயணியின் உடல்நலத்துக்காக நடப்பதன்று; அந்த நாட்டின் பயிர்களையும் கால்நடைகளையும் நோய், பூச்சிகளிடமிருந்து காக்க நடப்பது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வைரஸ் பதப்படுத்திய இறைச்சியில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. பழ ஈயின் புழுக்கள் வெளியே தழும்புகூடத் தெரியாத பழத்துக்குள் இருக்கலாம். ஆகவே, நான் தினமும் சாப்பிடும் பொருள்தானே என்ற வாதம் எந்த அதிகாரியிடமும் எடுபடாது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகள் முதன்மையாகப் பயணியின் அறிவிப்பை நம்பி இயங்குகின்றன. உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறியிட்டு, பொருளைக் காட்டினால், அனுமதிக்கத்தக்கதைத் திருப்பித் தருகிறார்கள்; தகாததை எடுத்துக்கொள்கிறார்கள். நேர்மையாக அறிவித்தவருக்கு, பொருள் பறிபோனாலும், அபராதம் இல்லை. மறைத்தவருக்கும் மறந்தவருக்கும் நிலைமை வேறு. நியூசிலாந்தில் உடனடி அபராதமே 400 நியூசிலாந்து டாலர். ஆஸ்திரேலியாவில் 2019-இல் பன்றி இறைச்சி உள்ளிட்டவற்றை அறிவிக்காமல் கொண்டுவந்த ஒரு பயணியின் விசாவே ரத்தானது. அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பீகிள் நாய்கள் பெட்டிகளை முகர்ந்து வருகின்றன. அந்த நாய் குரைப்பதில்லை, பெட்டியருகே அமைதியாக உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான். 2018-இல் பாரிஸிலிருந்து அங்கே போன ஒரு பயணிக்கு, விமானத்திலேயே வழங்கப்பட்ட ஓர் ஆப்பிளைச் சாப்பிடாமல் பையில் வைத்திருந்ததற்காக 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் அதை வாங்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை, ஆனால் அறிவிக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறை வேறு. எது வரலாம், எது வரக்கூடாது என்பது பட்டியலாக முன்பே எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாடுகளிலிருந்து வரும் பயணி, ஒரு சில அண்டை நாடுகளிலிருந்து வருபவரைத் தவிர, இறைச்சியோ பாலோ அவற்றாலான பொருள்களோ கொண்டுவர முடியாது. அளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இதுவே விதி. குழந்தைகளுக்கான பால் மாவுக்கு, குளிரூட்டல் தேவைப்படாத, பிரிக்கப்படாத உறையில் இருந்தால், 2 கிலோ வரை இடமுண்டு. தேனுக்கும் 2 கிலோ. பழங்களில் அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டுமே தாவர நலச் சான்றிதழ் (பூச்சியோ நோயோ இல்லை என்ற சான்று) தேவையில்லை. இங்கே அறிவிப்பதால் தடை தளராது. 2021 ஜனவரியில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளிலிருந்து முழுமையாக விலகிய சில நாள்களில், அங்கிருந்து நெதர்லாந்துத் துறைமுகத்தில் ஓர் ஓட்டுநர் அலுமினியத் தாளில் சுற்றிய சாண்ட்விச்சுகளுடன் வந்து இறங்கினார். இறைச்சியை எடுத்துக்கொண்டு ரொட்டியையாவது விடுங்கள் என்று அவர் கேட்டும், அனைத்தையும் பறிமுதல் செய்தார்கள்.

இரண்டில் எது பயணிக்கு நல்லது? பெட்டி கட்டும் நேரத்தில் பட்டியல் முறையே மேல். வீட்டிலிருந்தபடியே விடை தெரிந்துவிடுகிறது, அதிகாரியின் மனநிலையை நம்ப வேண்டியதில்லை. கைக்குழந்தையுடனோ, மருத்துவ உணவு தேவைப்படும் நோயாளியுடனோ போகிறவர்களுக்கு அந்த உறுதி மிகப் பெரியது. ஆனால் பட்டியல் நிலையானதன்று. ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில் கோமாரி நோய் தென்பட்டதை அடுத்து, 2025 ஏப்ரல் 12 முதல் பிரிட்டன் தானும் ஒன்றிய நாடுகளின் மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பால் பொருள்களையும் பயணிகள் கொண்டுவரத் தடை விதித்தது. வரியில்லாக் கடையில் வாங்கி, உறை பிரிக்காமல் கொண்டுவந்தாலும் விலக்கு இல்லை. முந்தைய பயணத்தின் நினைவை நம்பிப் போனவர்கள் அப்போது ஏமாந்திருப்பார்கள்.

என்ன வகை என்றே சொல்ல முடியாத கலவை உணவுகளுக்கு நான் அறிவிப்பு முறையையே விரும்புகிறேன். கடுமையானது என்று பெயரெடுத்திருந்தாலும், ஐயத்தின் பலனை அது உண்மை சொல்பவருக்குத் தருகிறது; தவறு செய்தாலும் நஷ்டம் அந்தப் பொருளோடு நின்றுவிடும். அதற்கு ஈடாக அது கேட்பது சிறிது நேரமும், உட்கூறுகள் அச்சிட்ட மூல உறையும் மட்டுமே. சொந்தப் பாத்திரத்துக்கு மாற்றிய உணவில் என்ன இருக்கிறது என்று மெய்ப்பிக்க வழியில்லாததால், நல்ல பொருளும் குப்பைக்குப் போவதைப் பார்க்க மனம் வலிக்கிறது.

தபாலில் அனுப்பிவிடலாமே என்போர் உண்டு. பொட்டலத்துக்கும் உயிரிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. பிரித்துப் பார்க்கும்போது விளக்கம் சொல்ல உரியவர் அருகில் இருக்க மாட்டார்.

நியூசிலாந்து விமான நிலையங்களில் அதிகாரியை அடையும் முன்பே உணவைப் போட்டுவிடத் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். பையின் பக்கவாட்டு அறையில் கிடக்கும் பாதி கடித்த பழம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதுவரை அபராதம் எதுவும் இல்லை.