20 ஆம்பியர் செகண்டரி: தகடா, முறுக்கிய கம்பியா, லிட்ஸா?

மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகு பேட்டரிக்குச் சொந்தமாக எஸ்எம்பிஎஸ் (கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டை மாற்றும்) சார்ஜர் கட்டுகிறவர்கள் அதன் டிரான்ஸ்பார்மர் கோர் (கம்பிச் சுருள் ஏறும் காந்தக் கட்டை) விஷயத்தில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டொராய்டில் (வளைய வடிவ கோர்) லீக்கேஜ், அதாவது ஒரு சுருளிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேராத காந்தப்புலம், குறைவுதான், ஆனால் பாபின் (கம்பி சுற்றும் பிளாஸ்டிக் கூடு) கிடையாது, ஒவ்வொரு சுற்றையும் வளையத்துக்குள் நுழைத்து எடுத்து, பிரைமரிக்கும் (மெயின்ஸ் பக்கச் சுருள்) செகண்டரிக்கும் (பேட்டரி பக்கச் சுருள்) நடுவில் டேப் போட்டு முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஈடிடி 39 கோர் எடுங்கள். நடுக்கால் உருண்டை, கம்பி மடியாமல் உட்காரும்.

நிஜமான போட்டி செகண்டரியில்தான். ஹாஃப் பிரிட்ஜ் (இரண்டு டிரான்சிஸ்டர் மாறி மாறி இயங்கும் சர்க்யூட்), 100 கிலோஹெர்ட்ஸ், கோரில் 0.1 டெஸ்லா காந்தச் செறிவு என்று வைத்தால் பிரைமரி 33 சுற்று வரும். செகண்டரி 4+4 (நடுவில் முனை எடுத்த இரண்டு பாதி) போதும் என்றுதான் தோன்றும், ஆனால் லைன் 190 வோல்ட்டுக்கு இறங்கும்போது பேட்டரிக்கு வேண்டிய 14.4 வோல்ட் எட்டாது, அதனால் 5+5. இந்த ஃப்ரீக்வென்சியில் கரண்ட் செம்பின் மேல்தோலில் சுமார் 0.2 மி.மீ. ஆழம்தான் ஓடும். தடித்த ஒற்றைக் கம்பியை மறந்துவிடுங்கள்.

லிட்ஸ் (தனித்தனியாக எனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி) காகிதத்தில் ராஜா. ஆனால் 0.1 மி.மீ. இழை ஒவ்வொன்றிலும் ஈயம் பிடிக்க வேண்டும், பிடிக்காத இழை இருந்தும் இல்லாத கணக்கு. அதோடு நம்ம ஊர் உப்புக்காற்று இருக்கிறதே, சால்டர் பண்ணிய இடத்தில் ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும் பசை) மிச்சமிருந்தால் பச்சைக் களிம்பு ஏறும், அவ்வளவு மெல்லிய இழை அதற்குத் தாங்காது. எனக்கு இதில் பிடித்தம் இல்லை.

செப்புத் தகடு 0.2 மி.மீ. தடிமன், 19 மி.மீ. அகலம் என்றால் 3.8 சதுர மி.மீ. கிடைக்கிறது, பத்துச் சுற்றும் டேப்போடு சேர்த்து 3 மி.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும். இதே செம்பை 0.4 மி.மீ. எனாமல் கம்பியில் கொண்டுவர 30 இழை முறுக்க வேண்டும், இரண்டு அடுக்கிலேயே பாபின் நிரம்பி, பிரைமரிக்கு இடமே இருக்காது. ஆக 20 ஆம்பியருக்குத் தகடுதான்.

ஆனால் தகட்டிலும் வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு சுற்றும் ஒரு அடுக்கு என்பதால் பக்கத்து அடுக்கின் காந்தப்புலம் இழப்பைக் கிடுகிடுவென ஏற்றும், தடிமனை இரட்டிப்பாக்கினால் சூடு பாதியாகும் என்று கணக்குப் போடாதீர்கள். பிரைமரியில் 17 சுற்று, மேலே தகடு, அதற்கு மேலே மீதி 16 என்று சாண்ட்விச்சாகக் கட்டினால் அந்த இழப்பு நன்றாகவே இறங்கும், லீக்கேஜும் குறையும். கத்தரித்த ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், பிசிறு குத்தினால் அது மஞ்சள் டேப்பையும் கிழிக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, இரண்டு பக்கமும் 3 மி.மீ. விட்டே சுற்றுங்கள். அந்த இடைவெளியில் கஞ்சத்தனம் பண்ணினால் உப்பும் ஈரமும் படிந்து பிரைமரியிலிருந்து கரண்ட் தாண்டிவிடும். கடைசியில் வார்னிஷில் முக்குவது கட்டாயம்.

10 ஆம்பியர் போதும் என்றால் தகட்டோடு மல்லுக்கட்டவே வேண்டாம். 0.4 கம்பியில் 10 இழையை டிரில் மெஷினில் மாட்டி முறுக்கினால் 5+5 ஒரே அடுக்கில் முடிந்துவிடும்.